கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள்

அப்பா பால் வாங்கப் போன ஒரு காலையில் காணாமல் போனார். பூனாவை ஒட்டிய போசரியில் எங்கள் கட்டடத்தின் கீழேயே பால் கடை. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிப் பாக்கெட்டை வாங்கியவர், அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, "வெச்சிருங்க, வந்து வாங்கிக்கறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஆளந்தி ரோடு பக்கமாக நடந்திருக்கிறார். அம்மா தேடிக்கொண்டு இறங்கியபோது கடைக்காரர் அந்தப் பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டினார்.

அப்பா ஆற்காடு பக்கத்திலிருந்து இளம் வயதில் பூனாவுக்கு வந்தவர். கட்கியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். அந்தப் பணத்தில் வாங்கியதுதான் போசரி வீடு. அதிகம் பேசமாட்டார். கடைசி இரண்டு வருடங்களில் ஞாபகம் நழுவத் தொடங்கியது. இன்று எந்த ஷிஃப்ட் என்று அம்மாவிடம் கேட்பார். ரிட்டயர் ஆகிவிட்டீர்கள் என்றால், தெரியாதவர் சொன்ன செய்தியைக் கேட்பதுபோல மரியாதையாகத் தலையாட்டுவார்.

தேட வேண்டிய இடமெல்லாம் தேடினோம். போலீஸ் சௌக்கியில் புகார் கொடுத்தோம். ரயில் நிலையங்களில் விசாரித்தோம், அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் அவற்றின் பிணவறைகளுக்கும் போய் வந்தோம். ஞாபகம் போன வயதானவர்கள், விட்டலனைப் பார்க்க நடந்தே யாத்திரை போகும் வார்கரிக் கூட்டத்தோடு சேர்ந்து பண்டரிபுரம் போய்விடுவதுண்டு என்று யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம், ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து பல்லக்கு கிளம்பும்போது ஒவ்வொரு வருடமும் தம்பி லீவு போட்டுவிட்டுச் சாலையோரம் நின்று முகங்களைப் பார்ப்பான். வெள்ளைத் தொப்பி, நெற்றியில் சந்தனம், வெயிலில் கறுத்த கிழ முகங்கள். "கொஞ்ச நேரம் பாத்தா எல்லாரும் அப்பா மாதிரியே தெரியறாங்கக்கா. அப்புறம் ஒருத்தர்கூட அப்பா மாதிரி தெரியறதில்ல" என்றான் ஒருமுறை. அவன் போசரியில் ஒரு இன்ஜினியரிங் யூனிட்டில் சூப்பர்வைசர், அம்மாவோடு இருந்தான். நான் கல்யாணமாகி பாணேரில் இருந்தேன், ஹிஞ்சேவாடியில் வேலை.

இனி அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா காலிங் பெல் அடிக்கவே மாட்டார். ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருமுறை, எங்கள் கதவுக்கு முன்னால் ஒருமுறை தொண்டையைக் கனைப்பார். அதுதான் அவருடைய மணி. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்க் கதவைத் திறப்பாள்.

அப்பா போய் இரண்டு மழைக்காலம் கடந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வெளியே தூறல். கீழே இரண்டாவது மாடியில் யாரோ கனைத்தார்கள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். பிறகு எங்கள் கதவுக்கு வெளியே, மிக அருகில், இன்னொரு முறை. அம்மா பேச்சை நிறுத்தாமல் எழுந்து போய் காஸைக் குறைத்தாள். அந்தக் கனைப்பில் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு உண்டு. அப்படிக் கனைப்பவர் உலகத்தில் ஒருவர்தான்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துப் படிகளெல்லாம் ஈரமாகிக் கிடந்தன. அந்த ஈரத்தில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"மூடு. கொசு வரும்" என்றாள் அம்மா.

"அம்மா, உனக்கும் கேட்டுச்சா?"

"தெனம்தான் கேக்குது. அவரு போன மறுமாசத்துல இருந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? டாக்டராண்ட கூட்டிக்கினு போவ."

தம்பியிடம் கேட்டேன். தனக்கு எதுவும் கேட்டதில்லை என்றான். பேச்சை அங்கேயே நிறுத்தினான்.

மனம் செய்கிற வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த வருடம் இரண்டாவது மாடிக்கு நாக்பூரிலிருந்து ஒரு பெண் குடிவந்தாள். எங்களைப் பற்றி எதுவும் தெரியாதவள். படிக்கட்டில் என்னைப் பார்த்தபோது, "தீதீ, உங்க வீட்டு அங்கிளுக்குத் தொண்டை சரியில்லையா? தெனமும் சாயங்காலம் எங்க வாசல்ல நின்னு கனைக்கிறாரு. நான் கதவைத் திறக்கறதுக்குள்ள மேல போயிடறாரு. வெந்நீர்ல மஞ்சள் போட்டுக் குடிக்கச் சொல்லுங்க" என்றாள் இந்தியில். சொல்கிறேன் என்றேன்.

வருடங்கள் ஓடின. போலீஸ், கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்ததை வைத்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் சீக்கிரமே கிடைத்துவிட்டது. அதற்கு அப்பா காணாமல் போயிருந்தால் போதும். வீட்டுக்கு அது போதாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் கட்டடம் பழையதாகிவிட்டது. கூரை ஒழுகியது, லிஃப்ட் கிடையாது. குடியிருப்போர் சங்கமான சொசைட்டி கூடி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒரு பில்டரை முடிவு செய்தது. ஒவ்வொரு வீட்டுச் சொந்தக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீடு அப்பா பெயரில் இருந்தது. அவர் உயிரோடிருந்தால் அவர் கையெழுத்து வேண்டும், இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் செயலாளர். இரண்டும் இல்லாத ஒருவரை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் சிவாஜிநகர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் போனோம். மராத்திக்காரர், ஐம்பது வயதிருக்கும். பேசும்போது முகத்தை நேராகப் பார்ப்பார். அம்மாவைக் 'காகூ' என்று சித்தி முறை வைத்து அழைத்தார்.

"சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி யாரெல்லாம் இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டுமோ, அவர்கள் ஏழு வருடமாக ஒன்றுமே கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம், இல்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்" என்று நிதானமான இந்தியில் சொன்னார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கேள்விப்படறதுன்னா இன்னா பாப்பா? காதால கேக்கறதா?"

தம்பி, "ம்மா, ப்ளீஸ்" என்றான்.

"அவங்களாண்ட கேட்டுச் சொல்லு."

நான் இந்தியில் சொன்னேன். அப்பாவின் கனைப்பு, அம்மா அடுப்பைக் குறைப்பது, திறந்தால் யாரும் இல்லாதது எல்லாவற்றையும். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"காகூ, அவர் ஏதாவது பேசினாரா? ஃபோன், கடிதம், யார் மூலமாவது சேதி?"

"ஒண்ணும் இல்ல. கனைப்பாரு, அவ்ளோதான்."

"அப்படியென்றால் பிரச்சினை இல்லை. எதுவும் கேள்விப்படவில்லை என்று மனுவில் எழுதுகிறேன்."

"நீங்க எழுதுங்கோ. ஆனா கூண்டுல நின்னு என்னைக் கேட்டா, கேட்டுச்சுன்னுதான் சொல்லுவேன். தாலியைக் கட்டிக்கினு பொய் சொல்ல மாட்டேன்."

வக்கீலம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்தார். அம்மாவை மனநல மருத்துவர் யாரிடமாவது காட்டியிருக்கிறீர்களா என்று மெல்லக் கேட்டார். அந்தக் கனைப்பை நானும் காதால் கேட்டிருக்கிறேன் என்றேன். இரண்டாவது மாடிப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவர் உள்ளே திரும்பிப் பேனாவை எடுத்தார். "சரி. மனுவைப் போடுவோம்" என்றார்.

மனு போட்ட பிறகு செய்தித்தாளில் பொது அறிவிப்பு கொடுக்கச் சொன்னது கோர்ட். மராத்திப் பத்திரிகை ஒன்றில் அப்பாவின் படம் வந்தது. இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம், தவறினால் இறந்தவராகக் கருதப்படுவார். காலை காபியோடு அந்தப் பத்திரிகையை அம்மா வெகுநேரம் வைத்திருந்தாள். மராத்தி அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

இரண்டு வாரம் கழித்து வக்கீலம்மா கூப்பிட்டார். ஆளந்தியைத் தாண்டி ஒரு ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து பதில் வந்திருந்தது. வருடங்களுக்கு முன் ரயில்வே பிளாட்ஃபாரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு முதியவர் அங்கே இருந்தார். யாரோடும் பேசமாட்டார். தூக்கத்தில் உளறியதைக் கேட்டு மதராசி என்று ஊகித்து, மதராசி பாபா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போயும் பார்த்தார்களாம். விரல் ரேகை தேய்ந்துபோனதால் இயந்திரம் அவரை ஏற்கவில்லை.

மூன்று பேரும் என் காரில் போனோம். அம்மா ஒரு டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாள்.

வேப்ப மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். மொட்டையடித்த தலை, ஒடுங்கிய கன்னம், யாரோ தானமாகக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பா இல்லை என்றும் தெரியவில்லை. நெற்றி அப்பாவுடையது. காதுகள் இல்லை. உட்கார்ந்திருந்த விதம் அப்பாவுடையது. கைகளைப் பார்த்தால் வேறு யாரோ. அப்பாவுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி மச்சமோ தழும்போ கிடையாது. பெற்ற தகப்பனைப் பார்த்து, இவர்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழு வருடமாக மனதில் நான் வைத்திருந்த முகம், நேரில் ஒரு முகத்தைப் பார்த்ததும் கலைந்து எங்கோ போய்விட்டது. அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தால் இவருடைய முகம்தான் வந்தது.

"அப்பா இல்லக்கா" என்றான் தம்பி, சட்டென்று. அவன் இன்னும் பக்கத்தில்கூடப் போகவில்லை.

அம்மா நேராகப் போய் அவருக்கு எதிரே நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் முழுக்க மலர்ந்தது.

"வந்துட்டியா? எவ்ளோ நேரம்!" என்றார். சுத்தமான தமிழ்.

இல்லத்துப் பொறுப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடத்தில் விழித்திருக்கும்போது அந்த முதியவர் பேசி யாரும் கேட்டதில்லை. பணிப்பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தோ பாரு, பொண்டாட்டியை அடையாளம் கண்டுக்கிட்டாரு" என்று மராத்தியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். தயிர்சாதத்தைப் பிசைந்து ஊட்டினாள். அவர் ஒவ்வொரு வாய்க்கும் அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நகவெட்டி கேட்டு வாங்கி அவர் நகங்களை வெட்டிவிட்டாள். ஊர் என்ன, பிள்ளைகள் எத்தனை என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை. அம்மாவிடம் மட்டும், "ஆட்டைக் கட்டிட்டியா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் எப்போதும் ஆடு வளர்த்ததில்லை. "கட்டிட்டேன்" என்றாள் அம்மா.

திரும்பும் வழியில், தேஹு சாலைத் திருப்பம் வந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"அவரு இல்ல."

"எப்படிம்மா சொல்ற? ஆடு பத்திக் கேட்டதாலயா?"

"அது கெடக்குது. புத்தி பேதலிச்சவரு ஆயிரம் கேப்பாரு. என்னைப் பாத்ததும் எவ்ளோ சந்தோஷப்பட்டாரு, பாத்தியா? உங்கப்பா ஒரு நாளும் என்னை அப்படிப் பாத்தது கெடையாது."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மாவின் வார்த்தை கோர்ட்டுக்குப் போதவில்லை. அறிவிப்புக்குப் பதில் வந்துவிட்டதால் அதைத் தீர்க்காமல் வழக்கு நகராது. மரபணுச் சோதனை என்றார் வக்கீலம்மா. பெயரே தெரியாத ஒருவருக்காக யார் சம்மதம் கொடுப்பது என்பதில் கொஞ்ச நாள் போயிற்று. இல்லத்தின் பொறுப்பாளர் மனு கொடுத்துக் கோர்ட் அனுமதி வாங்கினார். தம்பியின் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள். இல்லத்து முதியவருக்கும் அப்படியே.

முடிவுக்காகக் காத்திருந்த அந்த வாரங்களில் எதை வேண்டிக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆம் என்று வந்தால் அப்பா உயிரோடிருக்கிறார், நாங்கள் அவரைத் தெரிந்துகொள்ளவில்லை. இல்லை என்று வந்தால் அப்பாவை நாங்களே எழுதிக் கொடுத்து முடிக்கப் போகிறோம். அலுவலகத்தில் மீட்டிங்குக்கு நடுவில் அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும்.

அம்மா ஒருநாள் ஃபோனில் சொன்னாள். "இப்பல்லாம் வர்றதில்ல பாப்பா."

"யாரு?"

"இன்னா கேள்வி இது? உங்கப்பாதான். அங்க போய்ட்டு வந்ததுல இருந்து சத்தத்தையே காணோம்."

நான் இரண்டு முறை சாயங்காலம் போய் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். படிக்கட்டு அமைதியாக இருந்தது. வருடக்கணக்கில் பயந்த ஒரு சத்தம் இல்லாமல் போனதும், அந்த அமைதிதான் இப்போது பயமாக இருந்தது.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. உறவு இல்லை. நான் அலுவலகத்திலிருந்து நேராக போசரி போனேன். தம்பியும் சீக்கிரம் வந்திருந்தான். மூன்று பேரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் கூச்சல்.

இரண்டாவது மாடியில் ஒரு கனைப்பு.

அம்மா டம்ளரைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். அடுத்த கனைப்புக்குக் காத்திருப்பவன்போல, டீயைக் கீழே வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்கிறது. எப்போதுமே கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு கதவுக்கு வெளியே இன்னொன்று. கடைசியில் அந்தச் சின்ன இழுப்பு.

தம்பி எழுந்தான். போய்க் கதவை முழுதாகத் திறந்தான். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டும் சாயங்கால வெயிலும் மட்டும்தான். அவன் ஒதுங்கி வழிவிட்டு நின்று, "வாப்பா" என்றான்.

யாரும் உள்ளே வரவில்லை. எதிர் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து ஆறிப்போன டீயைக் குடித்தான். அதைப் பற்றி மூவரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

வழக்கில் அம்மா சாட்சி சொல்லும் நாள் வந்தது. நீதிபதி ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். அம்மா அரக்கு நிறப் புடவை கட்டி, நெற்றியில் குங்குமத்தோடு கூண்டில் ஏறினாள். கட்கி பஜாரில் கற்ற இந்தி அவளுக்கு. வக்கீலம்மா கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். ஏழு வருடமாக உங்கள் கணவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டீர்களா?

"கேக்குது" என்றாள் அம்மா.

அரசு வக்கீல் தலையைத் தூக்கினார். நீதிபதி முன்னால் சாய்ந்தார். "என்ன கேட்கிறது?"

"சாயங்காலம் கதவாண்ட வந்து கனைப்பாரு, மேடம். வேலை விட்டு வர்ற மாதிரி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அந்தப் பக்கம் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கதவைத் திறந்து பார்ப்பீர்களா?"

"பாப்பேன். யாரும் இருக்க மாட்டாங்க."

"ஏதாவது பேசுவாரா? உங்களுக்கு ஏதாவது சொல்வாரா?"

"இல்ல, மேடம். உயிரோட இருந்தப்பவும் அவரு பேசறவரு இல்ல."

இருந்தப்பவும் என்று சொன்னதை அம்மாவே கேட்டிருக்க வேண்டும். கூண்டின் மரக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தட்டச்சு செய்பவரிடம் மெதுவாகச் சொன்னார். கணவரிடமிருந்து மனுதாரருக்கு எந்தத் தகவலும் வரவில்லை.

இறங்கி வந்ததும் அம்மா என் காதில், "இன்னா எழுதினாங்க?" என்று கேட்டாள்.

"தகவல் எதுவும் வரலன்னு."

"அது சரிதான்" என்றாள்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. ஆனால் சான்றிதழில் தேதி என்று ஒன்று போட வேண்டுமே. இறந்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எப்போது என்று எடுத்துக்கொள்ளாது என்றார் வக்கீலம்மா. வேறு தேதிக்கு ஆதாரம் இல்லாததால், நாங்கள் மனு போட்ட நாளே அப்பா இறந்த நாளாக எழுதப்பட்டது. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு எதிரே மிசல் சாப்பிட்டோம். காரம் தாங்காமல் அம்மா இரண்டு டம்ளர் மோர் குடித்தாள், தம்பி அவளைக் கேலி செய்தான். அன்றைக்கு சாயங்காலம் வழக்கம்போல வாசலில் கனைப்பும் கேட்டது. அரசாங்கக் கணக்கில் அப்பா இறந்த அன்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம், அவர் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போனார்.

கட்கி கோயில் குருக்கள் திதி என்ன என்று கேட்டபோது அம்மா கோர்ட் தேதியைச் சொல்லவில்லை. தெரியாது என்றாள். திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்றார் அவர். அந்த அமாவாசைக்குத் தம்பி எள்ளும் தண்ணீரும் விட்டான். அம்மா குங்குமத்தை மட்டும் எடுக்கவில்லை. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் ஃபோன் செய்து ஏதேதோ சொன்னார்கள். "கோர்ட்டு எடுக்கச் சொல்லல" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

வீடு அம்மா பெயருக்கு மாறி, கட்டடம் இடிபட்டது. அம்மாவும் தம்பியும் பக்கத்தில் திகி என்ற பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். அங்கே லிஃப்ட் இருக்கிறது. சத்தம் எதுவும் இல்லை.

குடியேறிய சில மாதங்களில் அம்மா என்னை மறுபடி வக்கீலம்மாவிடம் கூட்டிப்போகச் சொன்னாள். தனக்கு உயில் எழுத வேண்டும் என்றாள். புது வீடு வரும்போது எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. வாய் திறந்து சொல்ல முடியாத நிலை வந்தால் வைத்தியத்தை எதுவரை கொண்டுபோவது, யார் முடிவெடுப்பது என்பதையும் சாட்சிகளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் முடிந்து எழுந்தவள், வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"நானும் அவரை மாதிரி தொலைஞ்சு போனா?"

வக்கீலம்மா யோசித்தார். "அதற்குப் பத்திரம் எதுவும் கிடையாது, காகூ."

அடுத்த ஞாயிறு அம்மா கல்லூரிப் பிள்ளைகள் கூடும் ஒரு தெருவில் டாட்டூ கடை எங்கே என்று என்னைத் தேட வைத்தாள். அங்கே இருந்த பெண் பூ வேண்டுமா, சாமி படம் வேண்டுமா என்று கேட்டாள். அம்மா என் செல்ஃபோன் எண்ணைச் சொன்னாள்.

"வேணாம்மா. ஒரு சீட்டு எழுதி வெச்சுக்கலாம், செயின்ல மாட்டிக்கலாம்" என்றேன்.

"சீட்டு சட்டையோட போயிடும். செயினை எவனாவது அறுத்துக்கினு போவான்."

இடது முன்கையில், சுருங்கிய தோலை விரலால் இழுத்துப் பிடித்து அந்தப் பெண் ஒவ்வொரு எண்ணாகக் குத்தினாள். அம்மா முகம் சுளிக்கவில்லை. இனி நான் இந்த எண்ணை மாற்றவே முடியாது. என்றைக்காவது தெரியாத ஊரிலிருந்து, தெரியாத ஒருவர், இந்தக் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு என்னை அழைப்பார். அந்தக் குரலை அப்போதே கேட்டுவிட்டதுபோல இருந்தது.

இல்லத்துப் பெரியவரைப் பார்க்க அம்மா மாதம் ஒருமுறை போய்க்கொண்டுதான் இருந்தாள். அவர் படத்தை வக்கீலம்மா போலீஸ் மூலமாகத் தமிழ்நாட்டுக்கும் அனுப்பிப் பார்த்தார். பதில் இல்லை. "அவரு வூட்லயும் யாராவது கோர்ட்டுக்குப் போய்க்கினு இருப்பாங்க. இல்ல, போய் முடிச்சிருப்பாங்க" என்பாள் அம்மா. எந்த ஊரிலோ ஒரு வாசலில் அவருடைய சத்தம் கேட்டுக்கொண்டிருக்குமோ என்று எனக்குத் தோன்றும். அவர் இங்கே உயிரோடு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே.

போன மாதம் நானும் அவளோடு ரிக்ஷாவிலேயே போனேன். அம்மா ஊட்டும்போது புடவைத் தலைப்பு விலகிக் கையில் இருந்த எண்கள் தெரிந்தன. அவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தமிழில் வாசித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"யாருது இது?" என்றார்.

"பொண்ணுது" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து முதல்முறையாக என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம பொண்ணா?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே, "சாப்பிடுங்க. ரிக்ஷாவைக் காக்க வெச்சிருக்கேன்" என்றாள்.